கோபோ சாப்பிடவில்லை

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இட்சுகோ தட்டில் அறுபது கிராம் தீனி போட்டிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டைத் தூக்கிச் சமையலறைத் தராசில் வைத்தாள். தட்டின் எடையைக் கழித்தால் அறுபத்தொன்று. ஒரு வாரமாகப் பெய்த மழையின் ஈரத்தைக் குடித்துத் தீனி ஒரு கிராம் கூடியிருந்தது. போட்டதைவிட அதிகமாகவே மிச்சம். கோபோ அவள் காலடியில் உட்கார்ந்து தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. வாலை ஆட்டிற்று. பசியில் வாடிய நாயைப் போலவே இல்லை அது.

கோபோவுக்கு ஒன்பது வயது. இட்சுகோவின் அம்மா இறந்த வருடம், நாய்க் காப்பகத்திலிருந்து அரை வயதுக் குட்டியாக வந்தது. மெலிந்த உடம்பு, மண்ணிலிருந்து பிடுங்கிய கோபோக் கிழங்கின் பழுப்பு நிறம். அந்தக் கிழங்கின் பெயரையே வைத்துவிட்டாள். இட்சுகோவுக்கு இப்போது ஐம்பத்தாறு. கல்யாணமாகி ஏழு வருடத்தில் பிரிந்தவள். பிள்ளைகள் இல்லை. தொபாட்டாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பொரிக்கும் பகுதியில் பதினான்கு வருடமாக வேலை. உருளைக்கிழங்கு குரோக்கெட், இறால், கோழி என்று நாள் முழுக்க எண்ணெய்க்கு முன்னால் நின்றுவிட்டு வருவாள். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் அந்த வாசனை போகாது. கதவைத் திறந்ததும் கோபோ ஓடிவந்து முதலில் அவள் முழங்கையை நக்கும். ஒரு நாளில் இன்னொரு உயிர் அவளைத் தொடுவது அப்போது மட்டும்தான்.

ஏப்ரலில் கோபோவின் சிறுநீரில் ரத்தம் வந்தது. பரிசோதித்த டாக்டர் ஹிரோசே, சிறுநீர்ப்பையில் கல் என்றார். இனி ஆயுசுக்கும் மருந்துத் தீனி ஒன்றுதான் என்றார். மீன், இறைச்சி, எலும்பு எதுவும் கூடாது. மறுபடி கல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதம் கோபோ அதை மறுப்பில்லாமல் தின்றது. அக்டோபர் நடுவில் நிறுத்திவிட்டது.

"பல் நல்லா இருக்கு. காய்ச்சல் இல்ல. எடைகூடக் குறையல," என்றார் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கோபோவின் உதட்டை விலக்கி விளக்கடித்துப் பார்த்தபடியே பேசினார். "வயசாக ஆக மோப்பம் மங்கும். வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஒரு பத்து நிமிஷம் ஊற வையுங்க, வாசனை மேல வரும். இருபது நிமிஷத்துல தின்னலேன்னா தட்டை எடுத்துடுங்க. நாள் முழுக்க முன்னாடியே கிடந்தா அதுக்கு அலட்சியம் வந்துடும்."

"நான் காலையில போட்டுட்டுப் போனா சாயங்காலம்தானே வரேன், டாக்டர்."

"அப்போ நீங்க இருக்கிற நேரத்துல மட்டும் வையுங்க." டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வீட்ல வேற யாராவது ஏதாவது கொடுக்கிறாங்களா?"

"வேற யாரும் இல்லை."

வேற யாரும் இல்லை என்பதை மனுக்களில், விண்ணப்பங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். வாயால் சொல்லும்போது மட்டும் ஏனோ ஒவ்வொரு தடவையும் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். ஆழமான கிண்ணத்தை மாற்றித் தட்டையான தட்டு வாங்கினாள். தட்டை ஜன்னலோரம் வைத்தாள், குளிர்பெட்டி பக்கம் வைத்தாள். உள்ளங்கையில் நாலு உருண்டைகளை வைத்துத் தரையில் மண்டியிட்டு நீட்டினாள். கோபோ மரியாதைக்கு ஒன்றை வாயில் வாங்கி, இரண்டடி தள்ளிப்போய், தரைவிரிப்பின் மேல் பத்திரமாகத் துப்பியது. பிறகு திரும்பி வந்து, வெறும் உள்ளங்கையை நக்கிற்று. ஏதோ பெரியவர்கள் வீட்டுக்குப் போய், பிடிக்காத பலகாரத்தை மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொள்கிற குழந்தை மாதிரி இருந்தது அதைப் பார்க்க.

"புருஷன் சாப்பிடலேன்னா விட்டுது சனியன்னு இருப்போம். நாய் சாப்பிடலேன்னா மட்டும் மூஞ்சி இப்படித் தொங்கிப் போகுது பாரு," என்றாள் மசுமி, வேலையிடத்தில் பக்கத்து எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவள்.

"நீ சும்மா இரு."

"ஊருக்கே பொரிச்சுப் போடுறே. உன் வீட்டு நாய்க்கு நீ போடுறது பிடிக்கல. நல்ல கூத்துதான்."

மசுமி சிரிக்கத்தான் சொன்னாள். இட்சுகோவும் சிரித்தாள். ஆனால் பேருந்தில் வரும்போது அந்த வார்த்தை உள்ளே கிடந்து அறுத்தது. நீ போடுறது பிடிக்கல.

நவம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, பெரிய எண்ணெய்ச் சட்டியின் சூடேற்றும் கருவி பழுதாகி, மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இட்சுகோ கதவைத் திறந்தாள். கோபோ ஓடிவரவில்லை. பால்கனியில் சிறுநீர் கழிக்க வசதியாகக் கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த இடுக்கு வழியாகப் பார்த்தாள். கோபோ பால்கனித் தரையில் வயிறு ஒட்டப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பால்கனியைப் பிரிக்கும் தடுப்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மூக்கை நுழைத்திருந்தது. வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"மெதுவா, மெதுவா. யாரும் பிடுங்கிக்கப் போறதில்ல," என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். "இன்னிக்குக் காத்து மாறிடுச்சு பாத்தியா. கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. உங்கம்மா குடை எடுத்துக்கிட்டுப் போனாளா?"

இரண்டு விரல்கள் இடைவெளியில் வந்தன. நுனியில் வெந்த மீன் துண்டு.

பக்கத்து வீட்டில் இருப்பவர் கமெசாகி. எண்பது வயது நெருங்கும். வகமட்சுவுக்கும் தொபாட்டாவுக்கும் நடுவே உள்ள கடலிடுக்கை மூன்று நிமிடத்தில் கடக்கும் படகில் முப்பத்தொரு வருடம் கயிறு கட்டியவர் என்று யாரோ சொல்லிக் கேள்வி. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து "காலை வணக்கம்" என்பார். மாலையாயிருந்தாலும் காலை வணக்கம்தான். இங்கே குடிவந்த ஆறு வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. அந்த மனிதர்தான் இப்போது அவள் நாயிடம் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கோபோ மீனை மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. மூன்று வாரமாக அவள் கேட்காத சத்தம். அதைக் கேட்டதும் மனம் நிறைந்திருக்கலாம். நிறையவில்லை. கட்டின புருஷனின் செருப்பை வேறொரு வீட்டு வாசலில் பார்த்த மாதிரி இருந்தது.

நேராகப் போய் அவர் கதவைத் தட்டினாள். கமெசாகி கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"அது... நீங்க போனதும் அழுதுக்கிட்டே இருக்கும். அதான்—"

"அதுக்குக் கல் இருக்குங்க! மீன் தின்னா செத்துப் போயிடும்! டாக்டர் கிட்ட ஓடி, ராத்திரி பகல் தெரியாம நான் தவிச்சுக்கிட்டிருக்கேன், நீங்க இடுக்கு வழியா ஊட்டிக்கிட்டு இருக்கீங்க!"

"தெரியாதும்மா. உப்பு போடல. முள்ளெல்லாம் எடுத்துட்டுத்தான்..."

"கேட்டிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை! உங்களுக்குன்னு யாரும் இல்லேன்னா, அதுக்கு என் நாய்தான் கிடைச்சுதா?"

சொல்லி முடித்ததுமே, அந்த வாக்கியம் தன்னையும் சேர்த்துச் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்தது. கமெசாகி இடுப்பை மடித்து வெகுநேரம் குனிந்து நின்றார். அவர் உச்சந்தலையில் முடி கொட்டிய இடத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அவர் நிமிர்வதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து, பால்கனித் தடுப்பின் அடி இடைவெளியில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை தட்டு அப்படியே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோது காலியாக இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், கட்டிலடியில் தேடினாள். எங்கும் துப்பியிருக்கவில்லை. துண்டு மட்டும் பிடுங்கப்பட்டுப் பால்கனி நடுவில் கிடந்தது. தராசில் தட்டை வைத்தாள். தட்டின் எடை மட்டும். மீன் நின்றதும் பசி அதை வழிக்குக் கொண்டுவந்துவிட்டது என்று சின்னப் பெண்ணைப் போலக் கையைத் தட்டினாள். மசுமிக்குச் செய்தி அனுப்பினாள்: 'சாப்பிட்டுவிட்டது!'

சமைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சுவரில் டொக், டொக் என்று ஏதோ கேட்டது. நின்றது. மறுபடி மூன்று தடவை. கிழவர் ஆணி அடிக்கிறார் என்று நினைத்தாள். அப்புறம், இல்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்று தோன்றிற்று. நாய் தன்னிடம் திரும்பிவிட்டது தெரிந்து பொருமுகிறார். கோபோ சுவரைப் பார்த்து உறுமிற்று. இட்சுகோ வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். பழைய பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. எட்டரை மணி வரை அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. துணி துவைத்தாள், கோபோவை நடத்திக் கூட்டிப்போனாள். நான்கு மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. தொலைக்காட்சியில் சேனல் மாற்றும்போது சுமோ மல்யுத்தம் வந்தது. ஃபுக்குஒகாவில் நவம்பர்ப் போட்டி, முதல் நாள். ஆறு வருடமாக, போட்டி நடக்கும் பதினைந்து நாளும், கமெசாகி வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் துளைத்துக்கொண்டு அலறும். அவருக்குக் காது மந்தம். இன்று சுவர் சும்மா இருந்தது.

கோபோ பால்கனித் தடுப்பில் இரண்டு முன்னங்காலையும் வைத்து நின்று சுரண்டிக்கொண்டிருந்தது. இட்சுகோ வெளியே வந்தாள். "கமெசாகி-சான்," என்றாள். கொஞ்சம் உரக்க, "கமெசாகி-சான்!" தடுப்புக்கு அந்தப் பக்கம், எங்கோ உள்ளேயிருந்து, மெல்ல, டொக் என்றது.

அவள் அவர் வீட்டு முன்கதவுக்கு ஓடி அழைப்பு மணியை அடித்தாள், கைப்பிடியை உலுக்கினாள். பூட்டியிருந்தது. மறுபடி பால்கனிக்கு வந்தாள். தடுப்பில் ஒட்டியிருந்த மங்கிய காகிதத்தில் எழுதியிருந்தது: 'அவசர வேளையில் இதை உடைத்து அடுத்த வீட்டுக்குள் செல்லவும்.' ஆறு வருடமாகக் கண்ணில் பட்டும் படிக்காத எழுத்து. செருப்பை மாட்டிக்கொண்டு உதைத்தாள். முதல் உதைக்கு விரிசல் விட்டது. மூன்றாவதில் முழங்கால் வரை உள்ளே போய், தோல் கிழிந்தது. வலி தெரியவில்லை. கையால் பிய்த்து எறிந்துவிட்டுக் குனிந்து நுழைந்தாள். திறந்து கிடந்த கண்ணாடிக் கதவு வழியாகக் கோபோ அவளுக்கு முன்னால் பாய்ந்தது.

கமெசாகி சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் பார்க்கச் சகிக்காத கோணத்தில் திரும்பியிருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. கையில் ஒரு கரண்டி. அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"நாயைப் பிடிங்க. கீழ... கண்ணாடி கிடக்கு."

உடைந்த தம்ளரின் சில்லுகள் தரையெங்கும் கிடந்தன. இட்சுகோ கோபோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விழுந்தாராம். இடுப்பெலும்பு.

அவர் மகள் ஹமமட்சுவிலிருந்து வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், பெயர் நவோமி. உடைந்த தடுப்பை அளந்துகொண்டிருந்த பராமரிப்புக்காரரைச் சுற்றிக்கொண்டு வந்து, இட்சுகோவுக்கு முன் திரும்பத் திரும்பக் குனிந்தாள்.

"நீங்க இல்லேன்னா அப்பா இல்ல."

"நாய்தான் கண்டுபிடிச்சுது. அப்பாவுக்கு அது மேல ரொம்பப் பிரியம்."

"நாயா? எங்கப்பாவா?" நவோமி நிஜமாகவே திகைத்தாள். "சின்ன வயசுல ஒரு குட்டி வேணும்னு நான் மூணு நாள் சாப்பிடாம அழுதேன். வாசல்படி ஏறக்கூடாதுன்னுட்டார். நாய்ன்னாலே ஆகாது அவருக்கு." கொஞ்ச நேரம் கோபோவைப் பார்த்தபடி நின்றாள். "என்கிட்ட ஃபோன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச மாட்டார்," என்றாள்.

வீட்டைக் காலி செய்யப்போகிறார்கள். கால் தேறியதும் ஹமமட்சுவில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு.

கமெசாகியை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அன்றைக்கே கோபோ மறுபடி சாப்பாட்டை நிறுத்தியது. இந்தத் தடவை நிஜமாகவே நிறுத்தியது. இடுக்கில் ஊட்ட யாரும் இல்லை. நாலாம் நாள் விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. டாக்டர் ஊசியில் நீரேற்றினார், ரத்தம் எடுத்து, ஸ்கேனும் செய்து பார்த்தார். கல் இல்லை, சிறுநீரகம் சரி. "இன்னும் ரெண்டு மூணு நாள் பாப்போம். கட்டாயப்படுத்தி வாயில திணிக்காதீங்க. வெறுத்துடும்," என்றார். இரவில் இட்சுகோ ஊற வைத்த தீனியைச் சூடாறச் சூடாற மாற்றி வைத்தாள். கோபோ அவள் முகத்தையே பார்த்தது. அவளும் அதன் வாயையே பார்த்தாள். அப்படியே அரைமணி நேரம் போகும். பிறகு தட்டை எடுத்துவிடுவாள்.

ஏழாம் நாள் கமெசாகியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். ஆரஞ்சுப் பழப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகும்போது, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன், நீங்கள் தட்டியது காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள்.

கமெசாகி நான்கு பேர் அறையில் ஜன்னலோரம் படுத்திருந்தார். காதில் இயர்ஃபோன் மாட்டி, சின்னத் தொலைக்காட்சியில் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இயர்ஃபோனைப் பிடுங்கினார்.

"காலை வணக்கம்," என்றார். மணி மூன்று.

"கால் எப்படி இருக்கு?"

"கால் கிடக்கட்டும். அது சாப்பிடுதா?"

சாப்பிடுகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தலை தானாக இல்லையென்று ஆடியது.

"உங்க கையாலயா கொடுக்கிறீங்க?"

"கையால, தட்டுல, எல்லாம் பாத்தாச்சு. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அதான்," என்றார் அவர். "பாக்கக் கூடாது. நானும் முதல்ல குனிஞ்சு இடுக்கு வழியா எட்டிப் பாத்தேன். தொடவே இல்ல. நம்ம மூஞ்சியில இருக்கிற கவலை அதுக்குத் தெரியுதோ என்னவோ. அப்புறம் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து நான் பாட்டுக்கு என் சோத்தைத் தின்னேன். கொஞ்ச நேரத்துல பின்னாலருந்து மூக்கு வந்துது." சற்றே வெட்கத்துடன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் தின்னாதான் அதுவும் தின்னும். நான் நிறுத்தினா நிறுத்திடும். மதியத்துல ஒழுங்கா சமைச்சுச் சாப்பிட்டு எனக்கும் பல வருஷம் ஆச்சு."

செவிலி வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். இட்சுகோ ஆரஞ்சு ஒன்றை உரித்து, சுளைகளைப் பிரித்து, காகிதத்தில் வைத்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும்.

"கமெசாகி-சான். அன்னிக்கு, சனிக்கிழமை சாயங்காலம்..."

"ஆமாம்மா, சொல்லணும்னு இருந்தேன்," என்றார் அவர். "நன்றி சொல்லணும். உங்க ரேடியோ."

அவள் கையிலிருந்த சுளை நசுங்கியது.

"விழுந்து கிடந்தப்ப பகல் பூராக் கட்டடத்துல ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. நான் செத்தே போயிட்டேனோன்னு ஒரு சந்தேகம். இருட்டினப்புறம் உங்க ரேடியோ கேட்டுது. நல்ல சத்தமா. இந்தக் காதுக்கே கேட்டுது. சரி, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு ஒரு தைரியம். ஒவ்வொரு பாட்டா எண்ணிக்கிட்டே கிடந்தேன். பதினேழு பாட்டு. பயமே இல்ல." ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அணைச்சப்புறம்தான் கொஞ்சம் குளிர ஆரம்பிச்சுது."

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. இட்சுகோ தலையைக் குனிந்தாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு சுளையை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சின்னத் திரையில் இரண்டு பெரிய உடம்புகள் சத்தமில்லாமல் மோதிக்கொண்டன.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. இருட்டத் தொடங்கியிருந்தது. கோபோ கதவடியில் வந்து முழங்கையை நக்கியது. முன்போல் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தது. இட்சுகோ அறுபது கிராம் தீனியை அளந்து, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்தாள். அடுப்பில் தனக்கு உடோன் நூடுல்ஸ் வேகவைத்தாள். வேலை முடிந்து வந்தால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வதுதான் அவள் வழக்கம். இன்று பெரிய கிண்ணத்தை எடுத்தாள். வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டாள், முட்டை ஒன்றை உடைத்து ஊற்றினாள்.

கோபோவின் தட்டைத் தரையில் வைத்தாள். நாலடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, கால்களை மடித்து உட்கார்ந்தாள். ஆறி வந்த முழங்கால் காயம் மறுபடி இழுத்தது. குச்சிகளை எடுத்து, முதல் வாயை உறிஞ்சினாள். பின்னால் ஓசையில்லை. இரண்டாவது வாய். நாய் எழுந்திருப்பது தெரிந்தது. நகங்கள் தரையில் இரண்டு தடவை பட்டு, நின்றன. கிண்ணத்து ஆவி அவள் கண்ணில் ஏறியது. குச்சி பிடித்த கையை இறக்கக் கூடாது, தான் நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும் என்று, அடுத்த வாயை எடுத்தாள்.

தட்டு தரையில் லேசாக உரசியது. மூக்கால் தள்ளுகிறதா, தின்னத் தொடங்குகிறதா என்று தெரியவில்லை. எதிரே ஜன்னல் கண்ணாடியில் அறை விளக்கும் அவள் முகமும் தெரிந்தன. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் அதில் கோபோவும் தெரிந்துவிடும். இட்சுகோ கண்களை மூடிக்கொண்டு மென்றாள்.